ஸ்டார்ட் மட்டும் போதாது: ஹெட்ஸ்பேஸ் சாம்ப்ளரையும் ஜிசியையும் இணைக்கும் முறை

குப்பியைச் சூடாக்கி அதன் ஆவியைச் செலுத்தும் ஹெட்ஸ்பேஸ் ஆட்டோசாம்ப்ளர் ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு, அந்த ஆவியில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப், அதாவது ஜிசி, இன்னொரு நிறுவனத்தின் தயாரிப்பு என்றால் இரண்டையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் பொறுப்பு நம்மிடம் வந்துவிடுகிறது. மருந்துகளில் எஞ்சிய கரைப்பான்களை அளக்க அண்மையில் அப்படி ஓர் அமைப்பை நிறுவினேன். வாயு இணைப்பு, கசிவுச் சோதனையெல்லாம் முடித்திருப்பீர்கள். சமிக்ஞைக் கம்பிகளுக்கு வருவோம்.

முதலில், இரு கையேடுகளிலும் உள்ள ரிமோட் இணைப்பியின் முள் வரைபடத்தை ஒரே தாளில் வரையுங்கள். அஜிலன்ட் ஜிசியின் 9 முள் இணைப்பியில் 1 தரை, 3 ஸ்டார்ட், 7 ரெடி (ஜிசி தயாரா என்று சொல்வது).

அடுத்து ஸ்டார்ட். ஜிசியின் ஸ்டார்ட் முள் சும்மா இருக்கும்போது 5 வோல்ட்டில் நிற்கும். அதைத் தரையோடு சேர்த்தால் ஓட்டம், அதாவது ஒரு குப்பியின் பகுப்பாய்வு, தொடங்கும். சாம்ப்ளரின் ரிலே இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிரிப்பதோடு சரி, தானாக மின்னழுத்தம் எதையும் தராது. எனவே ரிலேயின் இரு முனைகளும் 3க்கும் 1க்கும் போகும். உங்கள் சாம்ப்ளர் ரிலேக்குப் பதில் 24 வோல்ட் வெளியிடுமானால் நேரே செருகாதீர்கள், ஜிசியின் போர்டு கருகிவிடும். நடுவில் தனி ரிலே வையுங்கள். பற்றவைப்பதைவிடத் திருகு முனைகள் கொண்ட 9 முள் இணைப்பியே எனக்குப் பிடிக்கும். தவறைத் திருத்த ஒரு திருப்புளி போதும்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நானும் நிறுத்தினேன். ஓட்டம் 20 நிமிடம், ஜிசியின் அடுப்பு 40 டிகிரிக்குக் குளிர 7 நிமிடம் என்று கணக்கிட்டு, சாம்ப்ளரின் சுழற்சி நேரத்தை, அதாவது ஒரு குப்பிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை, 30 நிமிடமாக வைத்தேன். ஓர் இரவு ஏசி சிறிது நேரம் நின்றுபோனது. அறை சூடானால் அடுப்பு கடைசிச் சில டிகிரிகளை இறங்க வெகுநேரம் எடுக்கும். 11ஆம் குப்பி செலுத்தப்பட்டபோது ஜிசி தயாராகவில்லை. ஸ்டார்ட்டை அது ஏற்கவில்லை. பிறகு 12ஆம் குப்பியின் சிகரங்கள் (வரைபடத்தில் ஒவ்வொரு பொருளையும் காட்டும் மேடுகள்) 11 என்ற பெயரில் பதிவாயின. அதற்குப் பிந்தைய முடிவுகள் எல்லாம் இப்படியே ஓர் இடம் தள்ளிப் போயிருந்தன. காலையில் ஜிசி இன்னும் ஒரு குப்பிக்காகக் காத்து நின்றதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஒரு மருந்தின் முடிவு இன்னொரு மருந்தின் பெயரில் வெளியே போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

ஆகவே ரெடி கம்பியை விட்டுவிடாதீர்கள். 7ஆம் முள்ளையும் தரையையும் சாம்ப்ளரின் ரெடி உள்ளீட்டுக்குக் கொண்டுசெல்லுங்கள். ஜிசி தயாரானால் அந்த முள் 5 வோல்ட், இல்லையென்றால் 0. சில சாம்ப்ளர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும்: கம்பி தரையோடு சேர்ந்தால்தான் 'தயார்' என எடுத்துக்கொள்ளும். அமைப்பில் துருவத்தை மாற்றாவிட்டால், செலுத்தக் கூடாத நேரம் பார்த்துச் செலுத்தும். அடுப்பை 200 டிகிரிக்கு ஏற்றி, இலக்கை 50க்குக் குறையுங்கள். அடுப்பு இறங்கும் வரை சாம்ப்ளர் திரை 'காத்திருக்கிறது' என்று காட்ட வேண்டும்.

ரெடி வந்துவிட்டதென்று சுழற்சி நேரத்தைக் குறைக்கவும் வேண்டாம். ஜிசிக்காகக் காத்திருக்கும் குப்பி சூட்டிலேயே கிடக்கும். அப்படிச் சூட்டில் இருக்கும் சமநிலை நேரம் குப்பிக்குக் குப்பி மாறினால் சிகரப் பரப்பும் மாறக்கூடும். உண்மையான நேரத்துக்கு மேல் ஐந்து நிமிடம் சேர்த்து வைக்கிறேன்.

சோதனைக்கு ஐந்து குப்பிகளில் ஒரே தரக்கரைசலையும், மூன்றாம் இடத்தில் வெற்றுக் குப்பியையும் வையுங்கள். ஜிசியின் சமநிலைக் காத்திருப்பை (அடுப்பு குளிர்ந்தபின் தயார் என்று சொல்லும் வரை ஜிசி காத்திருக்கும் நேரத்தை) வேண்டுமென்றே 15 நிமிடமாகக் கூட்டி ஓட்டுங்கள். வெறும் கோடு மூன்றாம் பெயரில் வந்தால் இணைப்பு சரி.

பின்சேர்க்கை: ஓட்டம் முடிந்து ஜிசி தயாரானவுடனே, குப்பி எதுவும் செலுத்தப்படாமல் அடுத்த ஓட்டம் தானாகத் தொடங்குகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய சாம்ப்ளரில் ரிலே ஓட்டம் முழுவதும் மூடியே இருந்திருக்கிறது. வெளியீட்டு அமைப்பில் 'துடிப்பு' என்பதைத் தேர்ந்து 1 நொடி கொடுத்தபின் நின்றுவிட்டதாம். மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து ரிலே முனைகளில் பிடியுங்கள்: ஒலி ஒரு நொடியில் அடங்க வேண்டும். அந்த நேரத்தில் ஜிசி பக்கக் கேபிளைக் கழற்றிவைத்திருங்கள்.