எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், பல் சுத்தம்: இரண்டு வருஷப் படிப்புக்குக் கடன் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்கா வந்து சில வருஷம் ஆகி, க்ரீன் கார்டும் கைக்கு வந்து, பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபிறகு நம் ஊர்ப் பெண்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "அக்கா, உங்களை மாதிரி ரெண்டு வருஷத்துல முடியற மெடிக்கல் படிப்பு ஏதாவது சேரலாமா?" நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறேன், கம்யூனிட்டி காலேஜில், அதாவது கட்டணம் குறைந்த உள்ளூர் அரசுக் கல்லூரியில், இரண்டு வருஷ அசோசியேட் டிகிரி படித்தவள். தாராளமாகச் சேரலாம், நல்ல வேலை, மரியாதையான சம்பளம். ஆனால் எங்கள் பிரிவுக்கு கிளினிக்கல் பயிற்சிக்கு வருகிற மாணவர்களிடம் பேசும்போது மனசு கனத்துப் போகிறது. ஒரே வேலைக்கு, ஒரே பரீட்சைக்குத்தான் எல்லோரும் தயாராகிறார்கள், ஆனால் ஒருவருக்குக் கடன் எட்டாயிரம் டாலர், பக்கத்தில் நிற்கிறவருக்கு நாற்பதாயிரத்துக்கு மேல். மாதத் தவணை எவ்வளவு வரும் என்று சேரும் அன்றைக்கு யாரும் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. அந்தக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வேலையின் பெயரை எழுதுங்கள்

டாக்டர், நர்ஸ் அல்லாத மருத்துவ வேலைகளை மொத்தமாகச் சொல்லும் "அலைடு ஹெல்த்" என்பது ஒரு வேலையின் பெயர் இல்லை. அந்த ஒரு குடைக்குக் கீழே மெடிக்கல் அசிஸ்டென்ட் இருக்கிறார், மூச்சுச் சிகிச்சை செய்யும் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் இருக்கிறார், ஸ்கேன் எடுக்கும் சோனோகிராஃபர் இருக்கிறார். சம்பளமோ மலைக்கும் மடுவுக்கும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2023 மே மாதத்துக்குக் கொடுத்த நடுநிலைச் சம்பளம், அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்குவது, மெடிக்கல் அசிஸ்டென்டுக்கு வருஷம் சுமார் 42,000 டாலர், எக்ஸ்ரே டெக்னாலஜிஸ்டுக்கு 73,000க்கு மேல், ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டுக்குக் கிட்டத்தட்ட 78,000, பல் சுத்தம் செய்யும் டென்டல் ஹைஜீனிஸ்டுக்கு 87,000க்கு மேல். இதில் இருபது வருஷ அனுபவக்காரர்களும் அடக்கம், புதிதாகச் சேர்கிறவருக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். அதனால் உங்கள் ஊர்ப் பக்கத்து மருத்துவமனைகளின் வேலை விளம்பரங்களைப் பார்த்து, ஆரம்ப சம்பளத்தைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

எச்4 விசாவில், அதாவது எச்1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினராக, இருப்பவர்கள் இந்த இடத்திலேயே ஒரு நிமிஷம் நில்லுங்கள். எச்4இல் படிக்கலாம், ஆனால் வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளம் வாங்க முடியாது. அட்டை எப்போது வரும் என்ற தெளிவு இல்லாவிட்டால் கணக்கில் வரவுப் பக்கம் காலியாகவே இருக்கும். மத்திய அரசின் மாணவர் கடனும் உதவித்தொகையும் எச்4க்குக் கிடையாது. க்ரீன் கார்டு இருந்தால் உண்டு.

இரண்டாம் படி: முழுச் செலவு

2024-25இல் நாடு முழுக்கக் கம்யூனிட்டி காலேஜ்களின் சராசரிக் கல்விக் கட்டணம், அந்தந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு, வருஷம் 4,050 டாலர். இதைப் பார்த்ததும் இரண்டு வருஷத்துக்கு எட்டாயிரம்தானே என்று தோன்றும். ஆனால் உடற்கூறியல், உடலியங்கியல், கணக்கு, ஆங்கிலம் என்று சில பாடங்களை முதலில் முடித்து, அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் எக்ஸ்ரே படிப்புக்கே விண்ணப்பிக்க முடியும், அதற்கே ஒரு வருஷம் போய்விடும். சில இடங்களில் காத்திருப்போர் பட்டியல் வேறு. ஆகவே மூன்று வருஷம் என்று போடுங்கள். அப்புறம் புத்தகம், யூனிஃபார்ம், தடுப்பூசிகள், பின்னணிச் சோதனை, பரீட்சைக் கட்டணம், கிளினிக்கல் நடக்கும் மருத்துவமனைக்குப் போய்வரப் பெட்ரோல். டென்டல் ஹைஜீன் என்றால் கருவிகளைச் சொந்தமாக வாங்க வேண்டும், அதுவே பெரிய தொகை.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு ரசீதில் வராது. கிளினிக்கல் என்பது பெரும்பாலும் பகல் நேரம், சம்பளம் கிடையாது. இப்போது கடையிலோ அலுவலகத்திலோ வருஷம் 30,000 டாலர் சம்பாதிக்கிறீர்கள் என்றால், இரண்டு வருஷம் அதில் எவ்வளவு குறையும் என்பதையும் எழுத வேண்டும். சின்னப் பிள்ளை இருந்தால் டேகேர் செலவையும் சேருங்கள்.

மூன்றாம் படி: காலேஜ் ஸ்கோர்கார்டு

அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் இலவசத் தளம் இது. கல்லூரியின் பெயரைத் தட்டி, படிப்புகளின் பட்டியலுக்குப் போனால், அந்தக் கல்லூரியில் அந்தப் படிப்பை முடித்தவர்களின் நடுநிலைச் சம்பளமும் நடுநிலைக் கடனும் வரும். இரண்டையும் கட்டாயம் பாருங்கள், ஆனால் இங்கே நாலு விஷயம் தெரியாவிட்டால் எண்ணே உங்களைத் தவறான பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடும்.

படிப்புகள் நாலு இலக்கக் குறியீட்டில் தொகுக்கப்பட்டிருக்கின்றன. 51.09 என்ற ஒரே தொகுப்புக்குள் எக்ஸ்ரே, சோனோகிராஃபி, ரெஸ்பிரேட்டரி தெரபி, அறுவை அரங்கில் உதவும் சர்ஜிக்கல் டெக், ஆம்புலன்ஸ் பாராமெடிக் எல்லாம் சேர்ந்து கிடக்கும். ஒரு கல்லூரியில் பாராமெடிக் மாணவர்கள் அதிகமாக இருந்தால் சம்பளம் குறைவாகத் தெரியும், அதைப் பார்த்துவிட்டு அருமையான எக்ஸ்ரே படிப்பை நீங்கள் ஒதுக்கிவிடலாம். 51.08 இன்னும் மோசம், மெடிக்கல் அசிஸ்டென்டும் பிசியோதெரபி அசிஸ்டென்டும் ஒரே பெட்டியில். எனவே அந்தத் தொகுப்பில் அந்தக் கல்லூரி எந்தெந்தப் படிப்புகளை நடத்துகிறது என்று கல்லூரியின் தளத்தில் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றே ஒன்றுதான் என்றால் அந்த எண்ணை நம்பலாம்.

அடுத்தது, கடன் எண்ணில் கடன் வாங்கி முடித்தவர்கள் மட்டும்தான் வருவார்கள். கம்யூனிட்டி காலேஜில் பலர் கடனே வாங்குவதில்லை, அவர்கள் இதில் இல்லை. பாதியில் நின்றவர்களும் இல்லை.

மூன்றாவதாக, சம்பளக் கணக்கில் மத்திய அரசின் கல்வி உதவி பெற்றவர்கள் மட்டுமே அடக்கம். படித்து முடித்து எத்தனை வருஷம் கழித்து வந்த சம்பளம் என்று அங்கேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கும், அதைப் படிக்காமல் இரண்டு எண்களை ஒப்பிடாதீர்கள்.

நாலாவதுதான் எனக்கு அதிகம் கோபம் வரவைப்பது. தனியார் கடன் இந்தக் கணக்கில் வரவே வராது. மத்திய அரசுக் கடனுக்கு வரம்பு உண்டு: பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்கு முதல் வருஷம் 5,500, இரண்டாம் வருஷம் 6,500, கல்யாணமானவர் போல் சாராதவருக்கு 9,500, 10,500. ஒரு தனியார் கல்லூரி 45,000 டாலர் கேட்டால் சாராதவருக்கும் 20,000க்கு மேல் அரசுக் கடன் கிடைக்காது, மீதி 25,000 வேறு எங்கிருந்தோதான் வர வேண்டும். ஸ்கோர்கார்டில் அந்தக் கல்லூரியின் கடன் இருபதாயிரத்தைத் தாண்டாமல் நல்ல பிள்ளையாகத் தெரியும், மாணவர் தலையில் இருப்பதோ அதைப் போல இரண்டு மடங்கு.

நான்காம் படி: மாதத் தவணை

2025-26இல் இளநிலை மாணவர்களுக்கான மத்திய அரசுக் கடனின் வட்டி 6.39 சதவீதம். பத்து வருஷத்தில் அடைப்பதாக வைத்தால், ஒவ்வொரு 10,000 டாலருக்கும் மாதம் சுமார் 113 டாலர். இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அளவுகோலாக ஒன்று வேண்டுமே. கல்வித் துறை 2023இல் கொண்டுவந்த விதியில், வருஷத் தவணை சம்பளத்தில் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஒரு சோதனை. வீட்டுக் கணக்குக்கு அது போதும். அதாவது ஒவ்வொரு 10,000 டாலர் கடனுக்கும் வருஷம் 17,000 டாலர் சம்பளம் பின்னால் நிற்க வேண்டும்.

சரி, போட்டுப் பார்ப்போம். கம்யூனிட்டி காலேஜில் எக்ஸ்ரே படிக்க 10,000 டாலர் கடன் வாங்கினால் மாதம் 113. எழுபதாயிரம் சம்பளத்தில் அது தெரியவே தெரியாது. அதே எக்ஸ்ரேவை 45,000 டாலர் கல்லூரியில் படித்து, 20,000 அரசுக் கடனும், 12 சதவீத வட்டியில் 25,000 தனியார் கடனும் வாங்கினால், 226 கூட்டல் 359, மாதம் 585 டாலர். வருஷத்துக்கு 7,020. எட்டு சதவீதத்துக்குள் வர 87,000க்கு மேல் சம்பளம் வேண்டும். அதே கடனோடு மெடிக்கல் அசிஸ்டென்ட் ஆனால் 42,000 சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு தவணைக்கே போய்விடும். மருத்துவமனை கேட்பது எக்ஸ்ரே வேலைக்குச் சான்றிதழ் தரும் ஏஆர்ஆர்டி பரீட்சையில் தேறினீர்களா என்றுதான். எவ்வளவு ஃபீஸ் கட்டினீர்கள் என்று என்னை யாரும் கேட்டதில்லை, அதற்காக மணிக்கு ஐந்து காசு கூட்டிக் கொடுத்ததும் இல்லை.

ஐந்தாம் படி: முடிக்கிறவர்கள் எத்தனை பேர்

எக்ஸ்ரே படிப்புகளை ஜேஆர்சிஇஆர்டி என்ற அமைப்பும், ரெஸ்பிரேட்டரி படிப்புகளை கோஆர்க்கும், டென்டல் ஹைஜீனை கோடாவும் அங்கீகரிக்கின்றன. கல்லூரிக்கு இருக்கும் அங்கீகாரம் வேறு, இந்தப் படிப்புக்கு இருக்கும் அங்கீகாரம் வேறு. "எங்களுக்கு அங்கீகாரம் இருக்கிறது" என்று போனில் சொன்னால் "எக்ஸ்ரே படிப்புக்கா?" என்று திருப்பிக் கேளுங்கள். ஜேஆர்சிஇஆர்டி அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால் எத்தனை பேர் முடித்தார்கள், முதல் தடவையிலேயே பரீட்சை தேறியவர்கள் எத்தனை, வேலை கிடைத்தவர்கள் எத்தனை என்று பொதுவில் போட்டாக வேண்டும். அதில் முடித்தவர்கள் விகிதத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பாதியில் நின்றால் சான்றிதழ் கிடையாது, கடன் மட்டும் உண்டு. கல்லூரியே கவிழவும் கூடும்: எவரெஸ்ட் என்ற பெயரில் மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்புகள் நடத்திய கொரிந்தியன் காலேஜஸ் 2015இல் ஒரேயடியாக மூடியது, அங்கே படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை ரத்து செய்வதாக அரசு அறிவித்தது 2022இல்தான். அத்தனை வருஷம் அந்தக் கடன் எத்தனை குடும்பங்களை அழுத்தியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆறாம் படி: வாங்கியே ஆக வேண்டும் என்றால்

முதலில் மத்திய அரசின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவம் போடுங்கள், கடன் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாலும் போடுங்கள். வருமானம் குறைந்த குடும்பத்துக்குக் கிடைக்கும் பெல் கிராண்ட் 2025-26இல் வருஷம் 7,395 டாலர் வரை, அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. மேலே சொன்ன சராசரிக் கட்டணத்தையும் தாண்டுகிற தொகை அது. அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் அரசுக் கடன், அதிலும் படிக்கும் காலத்து வட்டியை அரசே கட்டும் சப்ஸிடைஸ்டு பகுதி முதலில். கல்லூரி அனுப்பும் கடிதத்தில் முழு வரம்பையும் போட்டிருப்பார்கள், அதை அப்படியே ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, தேவையான தொகையை மட்டும் எழுதிக் கொடுக்கலாம். அவசரத்தில் அதிகமாக வாங்கிவிட்டால், பணம் வந்த 120 நாளுக்குள் வேண்டாத பகுதியைத் திருப்பிக் கொடுங்கள், அந்தப் பகுதிக்கு வட்டியும் கிடையாது, கடன் கொடுக்கும்போது கழித்த கட்டணமும் கிடையாது. செமஸ்டர் தொடங்கியதும் நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்துவையுங்கள்.