இடுப்புப் பிடிப்புக்கு மாத்திரையோடு கைச்சிகிச்சையும்

ரப்பர் பால் வாளியைக் குனிந்து தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டால், படுத்தே கிடக்காதீர்கள். தசை இன்னும் இறுகும். வலி தாங்கும் அளவுக்கு நடங்கள். துணி சுற்றிய வெந்நீர்ப் பையை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள்.

மருத்துவர் எழுதித்தரும் ஐபுப்ரோஃபென் வலி மாத்திரையைச் சாப்பிட்டபின் போடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: அதோடு கடையில் டைக்ளோஃபினாக்கும் வாங்கிப் போடுகிறார்கள். இரண்டும் ஒரே வகை. வயிறும் சிறுநீரகமும் கெடலாம்.

கூடவே, முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சையைச் சேர்க்கலாம். அமெரிக்க ராணுவத்தினர் 750 பேரை வைத்து நடந்து 2018இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையுடன் இதையும் பெற்றவர்களுக்கு 6 வாரத்தில் வலி கூடுதலாகக் குறைந்தது. நம்மூர் வர்ம வைத்தியம் வேறு முறை. அந்த ஆய்வை அதற்குச் சான்றாகக் காட்ட முடியாது. யாரிடம் போனாலும் போட்டுவரும் மாத்திரைகளை முதலில் சொல்லுங்கள். எலும்பு மெலிவு இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலோ முதுகை முறுக்கி நெட்டி எடுக்க விடவே கூடாது. எலும்பு முறியலாம், உள்ளே ரத்தம் கசியலாம்.

சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ தடவல் வேண்டாம். நேரே நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றே கொண்டுபோங்கள்.