வெளியூரில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறீர்களா? மூடும் முன் பார்க்க வேண்டியவை

கிராமத்து மனையில் வேலை நடக்கும்போது உரிமையாளர் பெரும்பாலும் சென்னையிலோ கோவையிலோ இருப்பார். தினமும் போய் நிற்க முடியாது, நிற்கத் தேவையும் இல்லை. மண்ணோ கான்கிரீட்டோ பூச்சோ போட்டு மூடிவிட்டால் பிறகு பார்க்க முடியாத வேலைகள்தான் ஆபத்தானவை. மூடுவதற்கு முந்தைய நாள் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட நாள்கள் நான்கைந்துதான் வரும், விடுப்பை அவற்றுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை தொடங்கும் முன்பே போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். கம்பி போடும் கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. உப்புத் தண்ணீரில் கலந்தால் கம்பி உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து, சில வருடங்களில் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

முதல் நாள், வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி, தூணுக்கு அடியில் வரும் பூட்டிங்குக்குக் கம்பி கட்டியதும். நூல் கட்டிய இடத்தில் 6 அடி, 8 அடி அளந்து குறுக்கே 10 அடி வருகிறதா பாருங்கள். வராவிட்டால் மூலை கோணல், டைல்ஸ் ஒட்டும்போதுதான் அது தெரியும். கம்பி மண்ணைத் தொடாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக், அடியில் 50 மி.மீ. அளவில் வேண்டும். கரிசல் மண் என்றால் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். அங்கே பக்கத்து வீட்டு ஆழத்தைப் பார்த்துத் தோண்டாதீர்கள், மண் பரிசோதனை செய்து பொறியாளர் சொல்வதைக் கேளுங்கள்.

சுவர் எழும்பும் வாரங்களைப் போனில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் “போட்டோ அனுப்புங்க” என்று மட்டும் கேட்டால் வீட்டின் முகப்புதான் வரும். எதை, எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள்: சுவரில் தூக்குக்குண்டு தொங்க ஒன்று, கம்பி மேல் டேப்பை விரித்து எண் தெரிய ஒன்று, மதியம் 3 மணிக்குச் சுவர் ஒன்று. தண்ணீர் காட்டிய சுவர் அந்நேரத்திலும் கருத்து ஈரமாகத் தெரியும். வெளுத்துச் சாம்பலாக இருந்தால் காலையில் பேருக்குத் தெளித்திருக்கிறார்கள்.

மிகுந்த கவனம் வேண்டியது ரூஃப் கான்கிரீட்டுக்கு முந்தைய நாள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கம்பி இடைவெளியை நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். கவர் பிளாக் ஸ்லாபுக்கு 20 மி.மீ., பீமுக்கு 25 மி.மீ. அதற்குப் பதிலாக ஜல்லித் துண்டு சொருகியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். பீம் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கி உள்பக்கமாக 135 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். சன்ஷேடிலும் பால்கனியிலும் முதன்மைக் கம்பி மேலே இருக்க வேண்டும். சித்தாள்கள் கலவைச் சட்டி தூக்கி நடக்கையில் அது மிதிபட்டுக் கீழே போய்விடும், சன்ஷேடு மடங்கி விழுவதற்கு இது ஒரு பெரிய காரணம். கம்பிக்கு அடியில் அதைத் தாங்கும் வளைத்த கம்பி (சேர்) வைத்து, நடக்கத் தனிப் பலகை போடச் சொல்லுங்கள். ஃபேன் பாக்ஸ், எலக்ட்ரிக் பைப் எல்லாம் இருக்கின்றனவா என்றும் எண்ணிவிடுங்கள்.

கான்கிரீட் அன்று சிமெண்ட் மூட்டையை எண்ண ஒரு சொந்தக்காரர் போதும். 1,000 சதுர அடி, 5 அங்குல ஸ்லாப், 1:1½:3 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி) என்றால் சுமார் 95 மூட்டை ஆகும், பீம் தனி. 75-லேயே முடிந்துவிட்டது என்றால் கலவை மெலிந்திருக்கிறது. மூட்டையில் அச்சிட்ட வாரமும் ஆண்டும் மூன்று மாதத்துக்குள் இருக்கட்டும். ஒரு மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர் தண்ணீர் போதும். தள்ளிவிட எளிதாக இருக்கட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டால் வலு போய்விடும்.

மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த) சிமெண்டுக்கு 10 நாள் குறைந்தபட்சம், 14 நாள் வைத்தால் நல்லது. 15 அடி அகலத்துக்குள் உள்ள ஸ்லாபைத் தாங்கும் முட்டுகளை 7 நாளுக்கு முன்பும், 20 அடி நீளத்துக்குள் உள்ள பீமின் முட்டுகளை 14 நாளுக்கு முன்பும் எடுக்கக் கூடாது. முட்டு, பலகை போன்ற சென்ட்ரிங் சாமானுக்கு நாள் வாடகை ஏறுவதால் அவசரப்படுத்துவார்கள். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பணத்தையும் இந்த நிலைகளோடு கட்டிவையுங்கள். பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்திலேயே எடுத்த இடம் பதிவான படம் ஏறினால்தான் அடுத்த தவணை வருகிறது. பேஸ்மெண்ட், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் பீம்), ரூஃப், பூச்சு என்று பிரித்து, முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள். முன்பணம் அதிகம் போனால் மேஸ்திரி அடுத்த வேலைக்குப் போய்விடுவார், உங்கள் கம்பி மழையில் துருவேறிக் கிடக்கும்.

பூசுவதற்கு முன் சுவரில் போன பைப்புகளை அளவு டேப்போடு படம் எடுத்து வையுங்கள், பின்னால் ஆணி அடிக்கும்போது உதவும். பாத்ரூம் டைல்ஸுக்கு முன் வடிகாலை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் நிறுத்துங்கள். வெளிச்சுவரில் ஈரம் படர்ந்தால் டைல்ஸை நிறுத்தி, கசிவை அடைத்துவிட்டு மறுபடி நிரப்பிப் பாருங்கள்.