எந்த மன்றோ? ஒரே குடும்பப் பெயர் செய்யும் குளறுபடிகள்

சென்னையில் மன்றோ என்றால் சிலைதான். கோட்டையிலிருந்து அண்ணா சாலைக்கு வரும் வழியில், தீவுத்திடலை ஒட்டி, வண்டிகளெல்லாம் சுற்றிக்கொண்டு போக நடுவில் குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர், ஒரு காலத்தில் சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ. அதனால் எந்தப் புத்தகத்தில் மன்றோ என்று பார்த்தாலும் நம் மனசு நேராக அந்தக் குதிரைக்காரரிடம் போய் நிற்கும். நானும் அப்படித்தான் இருந்தேன். 1780ஆம் ஆண்டுச் சண்டையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியபோது, காஞ்சிபுரத்துக் குளத்தில் பீரங்கிகளைத் தள்ளிவிட்டுப் பின்வாங்கிய தளபதிக்குத் தாமஸ் மன்றோ என்று பெயர் கொடுத்துவிட்டேன். வாசகர் ஒருவர் தபால் அட்டையில் ஒரே வரி எழுதிப் போட்டார்: "அப்போது தாமசுக்கு வயது 19."

அட்டை சொன்னது சரி. தாமஸ் பிறந்தது 1761இல், கிளாஸ்கோவில். தளபதியாக இருந்தவர் ஹெக்டர் மன்றோ. அந்தப் படையில் தாமஸ் ஒரு பொடியன்.

இந்தத் தவறு நமக்கு ஏன் இவ்வளவு எளிதாக வருகிறது என்று அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நமக்குக் குடும்பப் பெயர் பழக்கமில்லை. அப்பா பெயர் முன்னெழுத்தாகச் சுருங்கிவிடும். கடைசியில் நிற்பதுதான் ஆளின் சொந்தப் பெயர். அந்தப் பழக்கத்தில் வெள்ளைக்காரர் பெயரிலும் கடைசித் துண்டைப் பிடித்துக்கொண்டு, ஆளைப் பிடித்துவிட்டதாக நினைக்கிறோம். ஸ்காட்லாந்தில் அந்தத் துண்டு ஆளைச் சொல்லாது, குலத்தைச் சொல்லும். மன்றோ குலத்துக்குச் சொந்த மண் வடக்கே ராஸ்-ஷயர். தலைவர் வீடு ஃபவுலிஸ் கோட்டை. ஹெக்டர், ஹியூ, ஜான், ராபர்ட் என்று நாலைந்து பெயர்களையே தலைமுறை தலைமுறையாகத் திருப்பித் திருப்பி வைத்தார்கள். அவர்களுக்கே குழம்பும் என்பதால் பண்ணையின் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள்: நோவார் மன்றோ, டியானினிக் மன்றோ. கீழத்தெரு முருகேசன், மேலத்தெரு முருகேசன் என்று நாம் சொல்வதில்லையா, அந்த மாதிரி. தமிழில் எழுதும்போது நாம் முதலில் வெட்டி எறிவது இந்தப் பண்ணைப் பெயரைத்தான்.

ஹெக்டர் விஷயத்தில் இது நிறையவே கெடுதல் செய்கிறது. 1764இல் பக்சார் சண்டையை வென்றவர் அவர். அதே ஆண்டு, கலகம் செய்த சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட வைத்தவரும் அவரே. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பெய்லி என்ற கம்பெனித் தளபதியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் நொறுக்கியபோது, சில மைல் தூரத்தில் இருந்தும் உதவிக்குப் போய்ச் சேராதவர். வெறும் மன்றோ என்று எழுதினால் இத்தனையும், பின்னாளில் பெல்லாரி, கடப்பை, அனந்தப்பூர்ப் பக்கம் ஜனங்கள் பிரியமாக நினைத்த கலெக்டர் தாமஸ் தலையில் போய் விழுகிறது.

ஹெக்டர் 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஊர் திரும்பியபின் தன் நோவார் பண்ணைக்கு மேலே ஃபைரிஷ் குன்றின் உச்சியில் வளைவுகள் வைத்து ஒரு கல் கட்டடம் எழுப்பினார். நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலைப் பார்த்துக் கட்டியது என்கிறார்கள். பஞ்சத்தில் இருந்த ஊர்க்காரர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று தொடங்கிய வேலை அது. ஸ்காட்லாந்தின் வடக்கே ஒரு மலைமேல் நம்ம நாகப்பட்டினத்து வாசல் நிற்கிறது! இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

திப்புவின் புலி பொம்மைக் கதையிலும் இந்த மன்றோ வருவார். கீழே கிடக்கும் வெள்ளைக்காரன்மேல் புலி ஏறி நிற்கும் மரப் பொம்மை, இப்போது லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1792 டிசம்பரில் வங்கத்துச் சாகர் தீவில் புலி அடித்துச் செத்த இளைஞன் ஹெக்டரின் மகன். அதைக் கேள்விப்பட்டுத்தான் திப்பு பொம்மை செய்யச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, திப்புவுக்குப் புலி அதற்கு வெகுகாலம் முன்பே சின்னமாகிவிட்டது. தமிழில் இது "சென்னை கவர்னர் மன்றோவின் மகன்" என்று மாறி உலவுகிறது. தாமஸ் கல்யாணம் செய்துகொண்டதே 1814இல்.

கொல்லத்துக்குப் பக்கத்தில் அஷ்டமுடிக் காயலும் கல்லடை ஆறும் சேரும் இடத்தில் இருக்கிற மன்றோ துருத்துக்குப் பெயர் தந்தவர் மூன்றாமவர். அந்தத் தீவுக்குப் படகில் போய்வந்து எழுதுகிறவர்களில் பாதிப்பேர் சென்னைச் சிலையை இழுக்காமல் விடுவதில்லை. அவர் டியானினிக் ஜான் மன்றோ. 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் கம்பெனியின் ரெசிடெண்ட், அதாவது அரசரிடம் கம்பெனி வைத்த பிரதிநிதி. நடுவில் 1811 முதல் 1814 வரை திருவிதாங்கூருக்கு திவானும் அவரே. இவரும் முதலில் சென்னைப் படையில் இருந்தவர் என்பதால் குழப்பம் இரட்டிப்பு. டியானினிக் என்ற பெயரை இன்று விஸ்கி பாட்டிலில் பார்க்கலாம். அந்த வடிசாலையை 1817இல் தொடங்கியவர் ஜானின் அண்ணன் ஹியூ.

சரி, சிலைக்காரர் தாமசே ஆனாலும் அவரைப் பற்றிச் சொல்கிறதில் பிழை இல்லையா? நிறைய. விவசாயியிடமிருந்து அரசாங்கமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்வாரி முறையை முழுக்க அவர் கணக்கில் எழுதுகிறோம். அதைப் பாரமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், தொடங்கிய மேலதிகாரி அலெக்சாண்டர் ரீட். 1827 ஜூலையில் தாமஸ் காலராவில் இறந்தது சென்னையில் இல்லை, சுற்றுப்பயணத்தில், பத்திகொண்டாவில். முதலில் கூத்தியில் புதைத்து, 1831இல் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் எதிலும் சாகாத பிழை அங்கவடிக் கதை. குதிரைக்குச் சேணமும், ஏறுபவர் கால் வைக்கும் வளையமான அங்கவடியும் வைக்கச் சிற்பி மறந்துவிட்டார், திறப்பு விழாவில் யாரோ சுட்டிக்காட்ட, அவமானம் தாங்காமல் உயிரை விட்டார் என்பது. எங்கள் வீட்டில் சித்தப்பா பஸ்ஸில் போகும்போதெல்லாம் இதைச் சொல்வார். நிறைய வீடுகளில் இப்படி ஒரு சித்தப்பா இருப்பார். சிலையைச் செய்தவர் ஃபிரான்சிஸ் சாண்ட்ரி. சென்னையில் அது நிறுவப்பட்டது 1839இல். சாண்ட்ரி 1841இல் லண்டனில், தன் வீட்டில், திடீரென்று இறந்தார், தற்கொலை இல்லை. லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் அதே சாண்ட்ரி செய்த நான்காம் ஜார்ஜ் அரசரும் அங்கவடி இல்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு முறையுமா மறந்திருப்பார்?

இனி எழுத்து விஷயம். இந்தப் பெயருக்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்துக்கூட்டல் அதிகம் புழங்குகிறது: முதல் உயிரெழுத்து 'யு', அல்லது 'ஓ', அல்லது 'ஓ' வைத்துக் கடைசியில் ஒரு 'இ'. தமிழுக்கு வந்தால் மூன்றும் மன்றோ. அதனால் கூடுதல் கவனம் வேண்டும். 'இ' போட்டவர் ஜேம்ஸ் மன்றோ, 1817 முதல் 1825 வரை அமெரிக்க ஜனாதிபதி. மூதாதை ஸ்காட்லாந்திலிருந்து வர்ஜினியாவுக்குப் போனவர். ஆண்டைப் பார்த்து ஆளைப் பிடிக்கலாம் என்றால் இங்கே அதுவும் கைகொடுக்காது. 1823இல் வாஷிங்டனில் ஒரு மன்றோ, அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர் இனித் தலையிடக் கூடாது என்ற தன் கோட்பாட்டை அறிவிக்கும்போது, சென்னையில் இன்னொரு மன்றோ கவர்னராக இருக்கிறார்.

மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு வேறொரு மன்றோ கோட்பாடு உண்டு. மண்டையோடு விரியாது, ஆகவே உள்ளே இருக்கும் மூளை, ரத்தம், நீர் இவற்றில் ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தாக வேண்டும் என்கிற மன்றோ–கெல்லி கோட்பாடு. இதற்குச் சொந்தக்காரர் 'ஓ' போட்ட, 'இ' போடாத அலெக்சாண்டர் மன்றோ. எடின்பரோவில் உடற்கூறுப் பேராசிரியர். அவர் அப்பாவும் அலெக்சாண்டர் மன்றோ, அதே பதவி. மகனும் அலெக்சாண்டர் மன்றோ, அதே பதவி! 1720இலிருந்து 1846 வரை ஒரே பெயர் அந்த நாற்காலியை விடவில்லை. முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று லத்தீனில் எண் போட்டுத்தான் பிரிக்கிறார்கள். கோட்பாடும் மூளைக்குள் இருக்கும் 'மன்றோ துளை'யும் இரண்டாமவருடையவை. மூன்றாமவரின் பாடத்தை மாணவர் சார்லஸ் டார்வினால் சகிக்க முடியவில்லை. எண்ணை விட்டுவிட்டு எழுதினால் டார்வினின் வெறுப்பு கண்டுபிடித்தவர் பக்கம் திரும்பிவிடும்.

பெயரை வைத்து வம்சம் சொல்வது இன்னொரு சறுக்கல். ஆலிஸ் மன்றோவுக்கு 2013இல் நோபல் பரிசு கிடைத்தபோது, மன்றோ குலத்துப் பெண் என்று எழுதத் தோன்றும். அது கணவர் வீட்டுப் பெயர். அவர் பிறந்தது லெய்ட்லா குடும்பத்தில். ஸ்காட்லாந்து வேர் அவருக்கு உண்டு, ஆனால் அது அப்பா வழியில், தெற்கே எட்ரிக் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. மர்லின் மன்றோவுக்கோ அது சினிமாவுக்காக வைத்துக்கொண்ட பெயர். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரிலிருந்து எடுத்தது.

இவ்வளவும் தெரிந்தபின் எதிர்ப்பக்கத் தவறு ஒன்று வரும், எனக்கு வந்தது. எந்த மன்றோவுக்கும் எந்த மன்றோவும் சொந்தமில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது. ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளுக்கே 'மன்றோ' என்று பெயர். இன்றைய பட்டியலில் 282 இருக்கின்றன. அத்தனையும் ஏறி முடிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர்கள் உண்டு. 1891இல் முதல் பட்டியலைப் போட்டவர் ஹியூ மன்றோ. பெயர் ஒற்றுமை, அவ்வளவுதான் என்று நான் தள்ளிவிட்டேன். பிறகு ஒரு நாள் அவர் பட்டத்தைப் பார்த்தேன்: லிண்டர்டிஸ் மன்றோக்களில் நான்காவது பாரோனெட். பாரோனெட் என்பது அப்பாவுக்குப்பின் மகனுக்குப் போகும் பிரிட்டிஷ் பட்டம். அந்தப் பட்டத்தை 1825இல் முதலில் பெற்றவர் சென்னை கவர்னர் தாமஸ். மூத்த மகன் இரண்டாவது, அடுத்த மகன் கேம்பெல் மூன்றாவது, கேம்பெலின் மகன் இந்த ஹியூ. தீவுத்திடல் குதிரைக்காரரின் சொந்தப் பேரன்.

தன் பட்டியலைப் பேரன் முடிக்கவில்லை. ஸ்கை தீவில் செங்குத்தாக நிற்கும் ஒரு பாறை முனை கடைசிவரை அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஏறலாம் என்று ஒரு சிகரத்தை ஒதுக்கி வைத்திருந்தார். அதற்கும் போகாமலே 1919இல் இறந்துபோனார். அந்தச் சிகரத்தை 1981இல் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.