ஒற்றைத் தோட்டா வேட்டைக் கைத்துப்பாக்கிக்கு ரீலோடிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் ஒரு சிறு கூட்டம் ரைஃபிளை வீட்டில் வைத்துவிட்டுக் கைத்துப்பாக்கியோடு காட்டுக்குள் நுழையும். அதுவும் ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடக்கூடிய துப்பாக்கி. 1963இல் ரெமிங்டன் கொண்டுவந்த எக்ஸ்பி-100, 1967இல் வாரன் சென்டரின் வடிவமைப்பில் வந்த தாம்சன்/சென்டர் கன்டெண்டர் ஆகிய இரண்டும்தான் இந்தப் பழக்கத்தை வளர்த்தவை. கன்டெண்டரைக் கதவு போல நடுவில் மடக்கித் திறக்கலாம், ஒரே உடலில் பல அளவுக் குழல்களை மாற்றி மாட்டலாம். இதில் ஈடுபாடு கொண்டவர்கள் பெரும்பாலும் சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டைத் தாங்களே மீண்டும் நிரப்பிக்கொள்கிறார்கள், இதுதான் ரீலோடிங். அவர்கள் செய்கிற தவறுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். வேட்டைக்கும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை போட்டிருக்கிறது. ஆகவே இது சட்டம் அனுமதிக்கிற ஊர்களில் இருப்பவர்களுக்கான பேச்சு.

என் அனுபவத்தில் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்: ரைஃபிள் தோட்டா போகிறது என்பதற்காக இந்தத் துப்பாக்கியையும் ரைஃபிள் என்றே நினைத்துவிடுவது.

கன்டெண்டரில் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பலரும் கேட்பார்கள். கேள்வியே பாதிதான். வெடிக்கும்போது கேஸின், அதாவது வெடிமருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளைக் கூட்டின், அடிப்பாகம் பின்னால் இருக்கும் உடலை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பதுதான் முக்கியம். அது அழுத்தத்தை மட்டும் பொறுத்ததல்ல, கேஸின் குறுக்களவையும் பொறுத்தது. .223 தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. ஆனால் அதன் அடி மெலிசு, 0.378 அங்குலம்தான். .308இன் உச்ச அழுத்தம் 62,000, அடி 0.473 அங்குலம். பரப்பளவு ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பெருக்கிப் பார்த்தால் பின்தள்ளும் விசை ஏறக்குறைய முக்கால் பங்கு அதிகம். அதனால்தான் .223க்கு கன்டெண்டர் குழல் உண்டு, .308க்கோ அதே நிறுவனத்தின் பெரிய உடல் கொண்ட என்கோர் வேண்டியிருக்கிறது. .30-30 கேஸை எடுத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் மருந்து போட்டால் .308க்குப் பக்கத்தில் வந்துவிடலாமே" என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் மறக்கிறார்கள். .30-30இன் எல்லை 42,000.

அழுத்தம் கூடிவிட்டதா என்று பார்க்க, ரைஃபிள்காரர்கள் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்க கேஸின் அடியில் பதித்திருக்கும் சின்ன மூடி) தட்டையாகிவிட்டதா என்று பார்ப்பார்கள். இங்கே அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. .30-30 போன்ற தோட்டாவில் பிரைமர் தட்டையாகும்போது எல்லையை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். மடக்கித் திறக்கும் துப்பாக்கியில் முதலில் தெரியும் அறிகுறி வேறு: சுட்டபின் குழல் இலகுவாகத் திறக்காது, கேஸ் உள்ளேயே பிடித்துக்கொள்ளும். போல்ட் துப்பாக்கி (கைப்பிடியை இழுத்துத் தள்ளிப் பூட்டுவது) மாதிரி இழுத்துப் பிடுங்கும் பலம் இதற்குக் கிடையாது. திறக்கக் கொஞ்சம் கை வலித்தாலும் அந்த மருந்து அளவோடு நிறுத்திவிட்டுக் குறைக்க வேண்டும். மிச்சம் இருக்கும் ஐந்து தோட்டாவையும் சுட்டுத் தீர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துவிடுங்கள்.

அடுத்தது கேஸை டையில் (கேஸை அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) போட்டு அளவுக்குக் கொண்டுவருவது. அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. டையோடு வரும் தாளில், டை, கேஸின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும் வரை இறக்கு என்றிருக்கும். அப்படியே செய்தால் பல நேரம் கேஸின் தோள் (கழுத்துக்குக் கீழே அகலும் சரிவு) தேவைக்கு மேல் பின்னால் போய்விடும். .30-30க்கு அடியில் விளிம்பு இருப்பதால் துப்பாக்கி ஒழுங்காகவே மூடும், எந்தக் குறையும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறை சுடும்போதும் கேஸ் முன்னும் பின்னும் இழுபட்டு, அடிக்குச் சற்று மேலே உட்சுவர் மெலிந்துகொண்டே வரும். ஒருநாள் அங்கேயே இரண்டாக அறுந்துவிடும். எனக்கு நான்காவது சுற்றிலேயே அந்த இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தது. ஒரு கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டுத் தடவினேன், பள்ளம் கையில் தட்டியது. அந்தப் பெட்டி முழுவதையும் குப்பையில் போட்டேன். அப்புறம்தான் டையை எப்படி வைப்பது என்று ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். டையைக் குறைவாக இறக்கினால் தோள் முன்னாலேயே நின்றுவிடும். போல்ட் துப்பாக்கி அதை நெருக்கி உள்ளே தள்ளிவிடும், இது தள்ளாது. முழுதாகப் பூட்டாது, அல்லது அரைகுறையாகப் பூட்டிக்கொண்டு, சுத்தியல் விழுந்தும் வெடிக்காது. இதற்கு நல்ல வழி, குழலைக் கழற்றி அதையே அளவுகோலாக்கிக்கொள்வது. முன்கட்டையை எடுத்துவிட்டு ஒரு முளையைத் தட்டினால் கன்டெண்டரின் குழல் கையோடு வந்துவிடும். டையைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று இறக்கி, ஒவ்வொரு தடவையும் கேஸைக் குழலில் போட்டுப் பாருங்கள். கேஸின் அடி குழலின் பின்முகத்தோடு சமமாக வந்து நிற்கும் இடத்தில் டையைப் பூட்டிவிடுங்கள். பூட்டும் இடத்துக்குக் குழலுக்குக் குழல் வித்தியாசம் இருக்கும். ஒரு குழலுக்கு வைத்ததை இன்னொன்றுக்கு நம்ப வேண்டாம்.

பிரைமரில் ஒரு சின்ன விஷயம். சிறிய ரைஃபிள் பிரைமரும் சிறிய பிஸ்டல் பிரைமரும் ஒரே அளவு, பிஸ்டலுடையது மெல்லிய தகடு. .223 கேஸில் பிஸ்டல் பிரைமரைப் போட்டால் துளைத்துக்கொண்டு சூடான வாயு முகத்தை நோக்கி வரலாம். பெரிய பிரைமர்களில் ரைஃபிளுடையது உயரம் அதிகம்; .44 மேக்னம் கேஸில் போட்டால் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு கேஸின் அடியையும் விரலால் தடவிப் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பிரைமரைத் தொடவே கூடாது.

மருந்தில், ஒரு நேரத்தில் மேசைமேல் ஒரே டப்பாதான் இருக்க வேண்டும். எச்4895, ஐஎம்ஆர் 4895 என்று பெயர் ஒத்திருந்தாலும் இரண்டும் வேறு வேறு மருந்துகள், ஒன்றின் அளவு மற்றதற்குப் பொருந்தாது. துப்பாக்கியின் உதை குறையட்டும் என்று எந்த மருந்தையும் இஷ்டத்துக்குக் குறைப்பதும் ஆபத்து. எச்110 என்ற மருந்தை 3 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று ஹாட்ஜ்டன் நிறுவனமே சொல்கிறது. குறைத்தால் சரியாக எரியாமல் குண்டு குழலின் நடுவில் நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

குண்டைத் தேர்ந்தெடுப்பதில் வரும் தவறால் துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகாது, மானுக்குத்தான் கொடுமை. 150 கிரெயின் எடைக் குண்டு கொண்ட .30-30 தோட்டா நீளமான ரைஃபிள் குழலில் வினாடிக்கு 2,390 அடி வேகம் என்று அட்டையில் போட்டிருக்கும். 10 அல்லது 14 அங்குலக் குழலில் அந்த வேகத்தில் சில நூறு அடி குறைந்துவிடும். அதிவேக ரைஃபிளுக்கென்று கெட்டியாகச் செய்த குண்டு இந்த வேகத்தில் விரியாது. ஊசி குத்திய மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும், மான் காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். இதற்காகவே சியரா நிறுவனம் ஒற்றைத் தோட்டா பிஸ்டலுக்கென்று மென்மையான குண்டுகள் செய்தது: 7 மி.மீ.இல் 130 கிரெயின், .30இல் 135 கிரெயின். வேகத்தைக் குரோனோகிராஃப் வைத்து அளந்து, குண்டு செய்தவர் சொல்லும் குறைந்தபட்ச வேகம் எத்தனை கஜத்தில் தீர்ந்துபோகிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு அப்பால் நிற்கும் மானைச் சுடாமல் விடுங்கள்.

தோட்டாக்களை அடுக்கும் மேகசின் இல்லையே, குண்டை எவ்வளவு வெளியே வைத்தால் என்ன என்ற ஆசையும் வரும். குண்டு குழலின் வரிப்பள்ளத்தில் அழுந்தி உட்கார்ந்தால் அழுத்தம் ஏறும். சுடாமல் திறக்கும்போது குண்டு உள்ளேயே சிக்கி, மருந்து எல்லாம் கொட்டும்.

கடைசியாக, தோட்டாப் பெட்டியில் எழுதாமல் விடுவது. தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் மேகசின் இல்லாததால் கன்டெண்டருக்கு .30-30இல் கூர்முனைக் குண்டு வைக்கலாம், அதுவே இதன் பெரிய வசதி. ஆனால் அதே தோட்டா குழாய் மேகசின் உள்ள லீவர் ரைஃபிளுக்குள்ளும் தாராளமாகப் போகும். அந்தக் குழாயில் ஒரு தோட்டாவின் கூர்முனை முன்னால் இருப்பதன் பிரைமரில் முட்டிக்கொண்டு நிற்கும்; உதையில் உள்ளேயே வெடிக்கலாம். அலமாரியைத் திறந்து தோட்டா எடுப்பவர் உங்கள் மகனாகவோ, ஞாயிற்றுக்கிழமை வந்த நண்பராகவோ இருக்கலாம். எந்தக் குழல், எந்தக் குண்டு, என்ன மருந்து, எவ்வளவு, என்றைக்கு நிரப்பியது, "லீவர் ரைஃபிளில் போடாதே" என்பது வரை எல்லாவற்றையும் மூடியின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.