இருவராகப் பழனி பாதயாத்திரை: முதல்முறை நடப்பவர்களுக்கு

முதல் வருஷம் நானும் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டே பழனி போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் கிளம்பினோம். திண்டுக்கல் தாண்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கூட்டத்தில் அவர் தலை மட்டும் தூரத்தில் தெரிந்தது. அவர் வைக்கும் எட்டு வேறு, என் எட்டு வேறு. மெதுவாக நட என்றால் அவருக்குக் கால் கடுக்கிறது, வேகமாக நட என்றால் எனக்கு மூச்சு வாங்குகிறது. இப்போது நாலு தடவை போய்வந்தாகிவிட்டது. ஒட்டிக்கொண்டு நடப்பதில்லை, ஒரே இடத்தில் போய்ச் சேருகிறோம். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.

1. தூரமும் தேதியும்

குன்றக்குடிப் பக்கமிருந்து நத்தம் வழியாகக் காவடியோடு வருகிறவர்களைப் பார்த்து முதல் தடவையே ஆசைப்படாதீர்கள். அது பல நாள் நடை. மதுரையிலிருந்து என்றால் சுமார் 120 கி.மீ. புதியவர்களுக்குத் திண்டுக்கல்லே போதும்: ஏறக்குறைய 60 கி.மீ., மூன்று நாள். பாதி வழியில் ஒட்டன்சத்திரம்.

தைப்பூசத்தன்றே சாமி பார்க்க வேண்டும் என்ற வேண்டுதல் இல்லையென்றால், மூன்று நாலு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். வழித்துணைக்கு ஆள் இருக்கும், அன்னதானப் பந்தலும் இருக்கும், மலையில் வரிசை கொஞ்சம் குறையும். மனைவியின் மாதவிலக்குத் தேதியையும் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

2. பயிற்சி

மாலை போட்ட நாளிலிருந்து வெறுங்காலோடு நடக்கத் தொடங்குங்கள். முதலில் மொட்டை மாடி, பிறகு தெரு, பிறகு தார் ரோடு. இரண்டு கி.மீ.யில் ஆரம்பித்து, கிளம்புவதற்குள் ஒருநாளாவது பன்னிரண்டு கி.மீ. நடந்திருக்க வேண்டும். அந்த நீள நடைக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். யார் மெதுவோ அவர் கணக்கில்தான் ஒரு நாளின் தூரத்தைப் பிரிக்க வேண்டும். சர்க்கரை இருந்து பாதம் மரத்துப்போகிறவர் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. முருகன் கோவித்துக்கொள்ள மாட்டான், செருப்பு போடுங்கள்.

3. பை

இதில்தான் நான் பாடம் படித்தேன். பணம், தண்ணீர் எல்லாம் அவர் பையில். துண்டு, சார்ஜர், தைலம் என் பையில். ஒரு பந்தல் கூட்டத்தில் பிரிந்தோம். அவர் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. என் கையில் டீக்குக் காசில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு புளிய மரத்தடியில் கண்டுபிடித்தேன். விரதத்தில் ஒருவரையொருவர் ‘சாமி’ என்று கூப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்கு நான் ‘சாமி’ என்ற தொனியில் அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

ஆகவே ஆளுக்கொரு பை, ஒவ்வொன்றும் தனியே தாக்குப்பிடிக்கிற மாதிரி: கொஞ்சம் பணம், அடையாள அட்டை, டார்ச், தண்ணீர், மற்றவர் போன் நம்பர் எழுதிய தாள், ஓஆர்எஸ் பாக்கெட், தேங்காய் எண்ணெய், ஒரு மாற்றுத்துணி, போர்வை. தை மாதப் பனியை லேசாக நினைக்காதீர்கள். நாலு கிலோவுக்கு மேல் போனால் எதையாவது வெளியே எடுங்கள்.

4. நடக்கும் நாள்

விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் பன்னிரண்டு, பதினான்கு கி.மீ. முடியும். பிறகு நிழல், தூக்கம். தார் சுடாத நேரம் பார்த்து, நாலு மணிக்கு மேல் மறுபடி ஆறேழு கி.மீ.

ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அடுத்து எங்கே சந்திப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். ‘அந்த ஊர்’ என்று சொன்னால் போதாது. ‘அந்த ஊர் பெட்ரோல் பங்க் வாசல்’ என்று சொல்லுங்கள். மூன்று நாலு கி.மீ.க்கு ஒரு இடம். முன்னால் போனவர் அங்கே உட்கார்ந்து காத்திருக்க வேண்டும், தேடித் திரும்பி நடக்கக் கூடாது. இருட்டில் மட்டும் சேர்ந்தே நடங்கள், பாதசாரிகளுக்கான நடைபாதை இருக்கும் இடத்தில் அதிலேயே. இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டி தெரிகிற மாதிரி சாலையின் வலப்பக்கம் நடந்து, முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை: ஒதுங்க இடம் இருக்காதே என்று தண்ணீர் குடிக்காமல் நடக்காதீர்கள். மயக்கமும் நீர்க்கடுப்பும்தான் மிச்சம். தங்கும் மண்டபத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பதை அவர் வேலையாக்கிவிடுங்கள். பந்தலில் அரை வயிறு சாப்பிடுங்கள். சாம்பார் சாதம் நிறைய இறங்கினால் கால் எழும்பாது.

5. இரவில் கால்

பாதத்தைக் கழுவித் துடைத்து, ஒருவர் காலை மற்றவர் டார்ச் அடித்துப் பாருங்கள். தன் உள்ளங்காலைத் தானே சரியாகப் பார்க்க முடியாது. இருவராகப் போவதில் எனக்குப் பிடித்த லாபமே இதுதான். சின்னக் கொப்புளத்தை உடைக்காமல் பஞ்சு வைத்துச் சுற்றுங்கள். ஊசியில் நூல் கோத்து உள்ளே விடும் பழைய வைத்தியம் வேண்டாம், சீழ் பிடிக்கும். தொடை உரசும் இடத்தில் காலையிலேயே எண்ணெய் தடவிவிடுங்கள்.

6. மலையடிவாரம்

மூன்றாம் நாள் மலை கண்ணில் பட்டதும் ‘வந்துவிட்டோம்’ என்று வேகம் கூட்டாதீர்கள். அதற்குப் பிறகுதான் வழி நீளும். சண்முகநதியில் குளித்து, அடிவாரத்துத் திருஆவினன்குடிக் கோயிலில் கும்பிட்டு ஏறுங்கள். படி கிட்டத்தட்ட 700. முட்டி வலித்தால் யானைப் பாதை சரிவாக இருக்கும். வழியில் இடும்பன் சன்னதியில் கும்பிட்ட பிறகுதான் மேலே. மலையேற இழுவை ரயிலும் (விஞ்ச்) ரோப் காரும் உண்டு, ஆனால் விசேஷ நாளில் அந்த வரிசையில் நிற்பதற்குள் படியேறி முடித்துவிடலாம்.

திரும்ப பஸ் கிடைக்காவிட்டால் பழனியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, திண்டுக்கல்லுக்கு வண்டி உண்டு. பையின் அடியில் ஆளுக்கொரு ஜோடி ரப்பர் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள், வழக்கத்தைவிட ஒரு அளவு பெரிதாக. நான் என் அளவிலேயே எடுத்துப்போனேன். வீங்கிய காலில் நுழையவில்லை. அவர் செருப்பை எனக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஊர் வரை வெறுங்காலோடு வந்தார்.