வியன்னாவில் மொசார்ட் வேஷக்காரரிடம் டிக்கெட் வாங்காதீர்கள், இன்னும் சில தவறுகளும்

வியன்னாவுக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால் அவர்களுடைய பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்துவிடுவது என் வழக்கம். இசைக்கும் ஓவியத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்றே அந்த ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகிறவன் என்பதால் கேட்க வருகிறவர்களும் அதிகம். முதல் தடவை போகிறவர்கள் எல்லோரும் ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள், ஆரம்பத்தில் நான் விழுந்த அதே குழிகள். பாஸ்போர்ட் நகல், குளிருக்கு ஜாக்கெட், பிக்பாக்கெட் ஜாக்கிரதை எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடலாம்.

விக் வைத்தவரிடம் கச்சேரி டிக்கெட்

ஸ்டெஃபான் கதீட்ரல் வாசலிலும் ஓப்பரா மாளிகையைச் சுற்றியும் வெள்ளை விக், வெல்வெட் கோட்டு சகிதம் கையில் ஒரு ஃபைலோடு நிற்பார்கள். எந்த ஊர் என்று அன்பாகப் பேச்சுக் கொடுத்து, அரங்கத்தின் பளபளப்பான படத்தைக் காட்டி, இன்றைக்கு ராத்திரி மொசார்ட், ஸ்ட்ராஸ், சில சீட்டுதான் பாக்கி என்பார்கள். டிக்கெட் உண்மையானதுதான். கச்சேரியும் நடக்கும். அரங்கமும் சில சமயம் 1870ல் திறந்த மியூசிக்ஃபெராயின் கச்சேரி மாளிகையின் அதே தங்க அரங்கம்தான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. ஜனவரி 1 அன்று டிவியில் புத்தாண்டுக் கச்சேரியில் பார்த்த அரங்கம் என்றதும், அதில் வாசிக்கிற அதே வியன்னா பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராதான் வாசிக்கப்போகிறது என்று நம் ஆட்கள் தாங்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள். வாசிக்கப்போவது சுற்றுலாப் பயணிகளுக்காகவே நடத்தப்படுகிற வேறொரு குழு.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, இருவருமே காது கொடுத்துக் கேட்கிற ரசிகர்கள். மொசார்ட்டின் 40வது சிம்பொனியை அவர் வாழ்ந்த ஊரில் முழுசாகக் கேட்கவேண்டும் என்பது அந்த அம்மாவின் நெடுநாள் ஆசை. ஆளுக்கு 90 யூரோ கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். சிம்பொனியின் முதல் பகுதி முடிந்தது, அடுத்தது வரும் என்று காத்திருந்தால் ஒருவர் வந்து ஓப்பராப் பாட்டு ஒன்றைப் பாடினார், அப்புறம் இன்னொரு துண்டு, அப்புறம் நீல டான்யூப் வால்ட்ஸ், கடைசியில் ராடெட்ஸ்கி மார்ச்சுக்கு எல்லோரும் கை தட்ட, முடிந்தது. அதே ராத்திரி, அங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில், ஸ்டாட்ஸ்ஓப்பர் என்கிற அரசு ஓப்பரா மாளிகையில் மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' முதலிலிருந்து கடைசிவரை நடந்துகொண்டிருந்தது. நின்று பார்க்கிற டிக்கெட் 20 யூரோவுக்குள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. போன பணத்தைவிட, அவ்வளவு தூரம் போய் அந்த ஒரு ராத்திரியைத் தவறவிட்டுவிட்டார்களே என்பதுதான்.

முக்கியமான விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது, இதைப் பலர் சொல்வதில்லை. 1842ல் தொடங்கிய வியன்னா பில்ஹார்மோனிக்கில் யாரும் நேரடியாகச் சேர முடியாது. முதலில் ஸ்டாட்ஸ்ஓப்பரின் ஆர்கெஸ்ட்ராவில் இடம் பிடித்து, சில வருஷம் வாசித்து நிரூபித்த பிறகுதான் அதில் உறுப்பினர் ஆகலாம். ஆக, எந்த வாத்தியக் குழுவைக் கேட்க உலகம் முழுக்க ஆள் தவம் கிடக்கிறதோ, அதே கலைஞர்கள்தான் செப்டம்பரிலிருந்து ஜூன் வரை ஏறக்குறைய தினமும் ஓப்பரா மேடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். அவர்களைக் கேட்க வேஷக்காரர் யாரும் தேவையில்லை.

நின்று பார்க்கிற டிக்கெட்டை அன்றன்றைக்குத்தான் விற்பார்கள். காலை 10 மணிக்கு இணையத்தில் வரும், மீதி இருந்தால் நிகழ்ச்சிக்கு 80 நிமிஷம் முன்னால் தனி கவுன்ட்டரில் கிடைக்கும். மூன்று இடம் உண்டு: கீழே பார்டேர், மேலே பால்கனி, அதற்கும் மேலே கேலரி. கண்ணை மூடிக்கொண்டு பார்டேர் கேளுங்கள். தரைத்தளத்தின் பின்பக்கம், நடுவில் இருக்கிற பாக்ஸ் இருக்கைகளுக்கு நேர் கீழே, மேடைக்கு நேராக நிற்கிறோம். உள்ளே போனதும் உங்கள் இடத்துக்கு முன்னால் இருக்கும் கம்பியில் ஒரு ஸ்கார்ஃபைக் கட்டிவிடுங்கள். அந்த முடிச்சு உங்கள் முன்பதிவு, திரும்பி வரும்வரை யாரும் தொடமாட்டார்கள், எத்தனையோ வருஷமாக அங்கே அப்படித்தான் வழக்கம். கோட்டைக் கொண்டுபோய் வைப்பறையில் கொடுத்துவிட்டு வந்தால், கம்பியிலேயே இருக்கிற சின்னத் திரையில் பாட்டின் வரிகள் ஆங்கிலத்தில் ஓடும்.

முதல் தடவையே வாக்னரின் ஓப்பரா வேண்டாம், ஐந்து மணி நேரம் கால் தாங்காது. 'டோஸ்கா' அந்த வாரம் இருந்தால் அதற்குப் போங்கள். 1958ல் மார்கரெத்தே வால்மன் இயக்கிய அதே தயாரிப்பைத்தான் இன்னும் வைத்திருக்கிறார்கள், இசை மட்டும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

தெருவில் யார் எதை நீட்டினாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: வாசிப்பது யார், முழுப் படைப்பா துண்டுகளா? மழுப்பினால் நடையைக் கட்டுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் ஓப்பரா தேடுவது

மூடியிருக்கும். நகராட்சி மாளிகை சதுக்கத்தில் பெரிய திரையில் இசைப் படங்கள் இலவசமாகப் போடுவார்கள், அதோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

புத்தாண்டுக் கச்சேரிக்கு டிசம்பரில் டிக்கெட்

அந்த வருஷம் பிப்ரவரியிலேயே பெயர் கொடுத்து, குலுக்கலில் விழுந்தவர்களுக்குத்தான்.

ஒரே நாளில் நாலு மியூசியம்

கலை வரலாற்று மியூசியத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் எகிப்து மம்மிகளிடம் போய் நிற்கிறார்கள். மாடியில் புரூகல் அறைக்கு வரும்போது கால் ஓய்ந்து, ஃபோட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பீட்டர் புரூகலின் எஞ்சியிருக்கிற ஓவியங்களில் கால்பங்குக்கும் மேல் அந்த ஒரு மியூசியத்தில்தான் இருக்கிறது, ஆகவே நேராக மாடிக்குப் போங்கள். 1565ல் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்' முன்னால் பத்து நிமிஷமாவது நில்லுங்கள். அத்தனை நாய்களைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் கொண்டுவருவது ஒரே ஒரு ஒல்லி நரி. நாய்களும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகின்றன. இடதுபக்கம் சத்திரத்தின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று தொங்குகிறது, கீழே தூரத்தில் உறைந்த குளத்தில் ஊரே சறுக்கி விளையாடுகிறது. இதெல்லாம் ஃபோனில் தெரியாது. செப்டம்பர் முதல் மே வரை திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இல்லாத ஓவியத்தைத் தேடுவது

ஓவியர் கிளிம்ட்டின் 'முத்தம்' மேல் பெல்வடேர் அரண்மனை மியூசியத்தில் இருக்கிறது. கீழ் பெல்வடேருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு முழிக்காதீர்கள். அடேலே ப்ளோக்-பவர் என்ற பெண்மணியை கிளிம்ட் தங்க நிறத்தில் வரைந்த ஓவியத்தை அங்கே தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாஜிகள் பறித்த அந்த ஓவியம் நீண்ட வழக்குக்குப் பிறகு 2006ல் குடும்பத்தாரிடம் திரும்பிப் போய், இப்போது நியூயார்க்கில் இருக்கிறது. ஆல்பெர்டினா மியூசியத்தில் ஓவியர் ட்யூரரின் 1502ஆம் வருஷத்து முயல் ஓவியமும் அப்படித்தான், அசலை வெளிச்சம் படாமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அபூர்வமாகத்தான் வெளியே வரும்.

சைவம் என்று நம்பி சூப்

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். ஃப்ரிட்டாட்டன்சூப்பே என்று மெனுவில் இருக்கும். தெளிந்த சூப்பில் மெல்லிய தோசை மாதிரி ஒன்றை நறுக்கிப் போட்டிருப்பார்கள், பார்த்தால் சாதுவாகத் தெரியும். அந்த சூப்பே மாட்டிறைச்சியை வேகவைத்து எடுத்த சாறு. கிரீஸ்நாக்கர்ல் என்கிற ரவை உருண்டை மிதக்கிற சூப்பும் அதே கதைதான். தயிர்ப்பாலாடை கேக்குகளில் ஜெலட்டின் இருக்கக்கூடும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் ஐயர்நாக்கர்ல் கேளுங்கள், முட்டை போட்டுப் புரட்டிய மாவுத் துண்டுகள், பக்கத்தில் பச்சைக் கீரை சாலட். வயிறு நிறையும். கைஸர்ஷ்மார்ன் என்கிற, பிய்த்துப் போட்ட இனிப்பு பான்கேக் இருவர் பங்கிட்டுக்கொள்கிற அளவு வரும்.

கறி சாப்பிடுகிறவர்களுக்கு: வீனர் ஷ்னிட்செல் என்ற பெயரில் விற்க வேண்டுமென்றால் அது கன்றுக்குட்டி இறைச்சியாக இருக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். விலை குறைவாக இருந்தால் பன்றி, மெனுவிலேயே எழுதியிருப்பார்கள்.

தண்ணீர் பாட்டில் வாங்குவது

குழாயில் வருவது 1873லிருந்து ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர். பிடித்துக் குடியுங்கள்.

பிரபலமான காபி மாளிகை வாசலில் வரிசை

வேண்டாம். இரண்டு தெரு தள்ளி எந்தப் பழைய காபி ஹவுஸிலும் மெலாஞ்ச் என்கிற பால் நுரை போட்ட காபி, கூடவே ஒரு கிளாஸ் தண்ணீரோடு, தட்டில் வைத்துத் தருவார்கள். ஒரே காபிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் விரட்டமாட்டார்கள். பில்லும் நீங்கள் கேட்டால்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமையைக் கடைகளுக்கு ஒதுக்குவது

கடைகள் அநேகமாக எல்லாம் மூடியிருக்கும், நாஷ்மார்க்ட் சந்தைக் கடைகளும் சேர்த்து. சனிக்கிழமையே பழம், ரொட்டி வாங்கி வைத்துவிட்டு, ஞாயிறு காலை 11 மணிக்கு அகஸ்டீனர் தேவாலயத்துக்குப் போங்கள். பாடகர் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து ஹைடன், மொசார்ட், ஷூபர்ட் எழுதிய திருப்பலி இசையை வழிபாட்டின் நடுவே பாடுவார்கள், டிக்கெட் கிடையாது. அரை மணி முன்னால் போனால் உட்கார இடம் கிடைக்கும், காணிக்கைக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், வழிபாடு நடக்கும்போது படம் எடுக்காதீர்கள்.